ஸ்கோர் இல்லாத சனிக்கிழமை

ஆகஸ்ட் மாதத்தில் நெப்ராஸ்காவின் காற்று கனக்கும். பக்கத்தில் கடல் கிடையாது, பெரிய ஏரியும் கிடையாது. ஈரத்தில் ஒரு பங்கு வருவது மக்காச்சோளத்திலிருந்து. ஆளுயரம் தாண்டி நிற்கும் பயிர் வேரில் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியே வெளியே விடுகிறது. ஒரு ஏக்கர் சோளம் ஒரு நாளைக்கு 11,000 முதல் 15,000 லிட்டர் வரை இப்படி ஆவியாக்கும். உள்ளூர் டிவியில் வானிலை சொல்பவர்கள் இதைச் சோளத்தின் வியர்வை என்றே சொல்கிறார்கள். வெயில் 35 டிகிரியைத் தொடும் நாளில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நிழலில் நின்றாலும் அது விடாது.

அப்படி ஒரு சனிக்கிழமை காலையில்தான் கியர்னி ஊர்க்காரர் ஒருவர் காரைக் கிளப்புகிறார். லிங்கன் நகரம் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி, சீசன் தொடங்குமுன் செய்யும் பயிற்சியை ஒரே ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. ஆட்டம் கிடையாது. எதிரணி கிடையாது. யார் ஜெயித்தார் என்று வீட்டில் கேட்டால் சொல்லப் பதிலும் கிடையாது. இருந்தும் போகிறார். மனைவி இதைப் பற்றிக் கேள்வி கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

நெடுஞ்சாலை 80, பிளாட் ஆற்றை ஒட்டிக் கிழக்கே ஓடுகிறது. மார்ச் மாதமென்றால் இந்த ஆற்றுப் படுகையில் லட்சக்கணக்கான கொக்குகள் வந்து இறங்கும். அதைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். ஆகஸ்டில் சோளமும் சோயாவும் மட்டும்தான். கிராண்ட் ஐலண்ட் தாண்டியதும் 70 மைலுக்கு மேல் வளைவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது ஒரு சம்பிரதாயம். கடைசியில் தொலைவில் மாநிலத் தலைமைச் செயலகத்தின் 400 அடிக் கோபுரம் தெரியும். உச்சியில் விதை தூவும் உழவனின் வெண்கலச் சிலை. அடுத்து கண்ணில் படுவது ஸ்டேடியம்.

தமிழ் வாசகருக்கு ஒரு வார்த்தை: இது காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. ஹெல்மெட் போட்டு, தோளில் கவசம் கட்டி, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். அதிலும் கல்லூரி ஃபுட்பால். நெப்ராஸ்காவின் மக்கள்தொகை 20 லட்சத்தைச் சுற்றித்தான். கூடைப்பந்து, பேஸ்பால், ஐஸ் ஹாக்கி, ஃபுட்பால் என எந்தப் பெரிய தொழில்முறை லீகிலும் இந்த மாநிலத்துக்கு ஓர் அணி இல்லை. பெரிய அணி என்று இருப்பது சோளமட்டை உரிப்பவர்களின் பெயர் தாங்கிய கார்ன்ஹஸ்கர்ஸ் என்ற இந்தக் கல்லூரி அணிதான். 1923இல் திறந்த மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1962 நவம்பர் 3 முதல் இங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்திருக்கின்றன. தொடர்ச்சியாக 400 ஆட்டங்களைத் தாண்டியாகிவிட்டது. ஆட்ட நாளில் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் ஸ்டேடியம்தான் என்பது உள்ளூர்ப் பெருமை. ஒமாஹா முதலிடம், லிங்கன் இரண்டாமிடம், அதற்கடுத்து கேலரி.

அணி நன்றாக ஆடுவதால் கூட்டம் வருகிறது என்று நினைத்தால் அது பழைய கணக்கு. பாப் டெவனி 1970, 71இலும், டாம் ஆஸ்போர்ன் 1994, 95, 97இலும் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார்கள். ஆஸ்போர்ன் 25 ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்து 255 ஆட்டங்களில் ஜெயித்தார். பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனார். ஆனால் 1999க்குப் பின், கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் குழுவின் பட்டம் ஒன்றுகூட இல்லை. 2017 முதல் 2023 வரை ஏழு சீசன்களில் ஒருமுறையும், வழக்கமாகப் பாதி ஆட்டங்களை ஜெயித்தாலே கிடைத்துவிடும் சீசன் முடிவுப் பவுல் ஆட்டத்தில் அணி ஆடவில்லை. டிக்கெட் மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது.

ஸ்டேடியத்தின் வெளிச்சுவரில் சில வரிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. எழுதித் தந்தவர் இங்கே தத்துவம் கற்பித்த ஹார்ட்லி பர் அலெக்சாண்டர். தலைமைச் செயலகத்தின் சுவர் வாசகங்களும் அவர் கைவண்ணமே. வெற்றியைவிட ஆடுவதே பெரிது என்பது சாரம். இந்தச் சுவருக்குள்தான் 2003இல் 9 ஆட்டங்கள் ஜெயித்து 3இல் மட்டும் தோற்ற ஃபிராங்க் சோலிச் என்ற பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பினார்கள். தத்துவப் பேராசிரியர் பேச்சை எந்த ஊரில்தான் கேட்கிறார்கள்!

கேட் திறந்ததும் விவரம் தெரிந்தவர்கள் கிழக்கு கேலரிக்குப் போகிறார்கள். காலை வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார அதுதான் இடம். விவரம் தெரியாதவர்கள் ஆட்ட நாளில் விலை அதிகமான மேற்குப் பக்கம் காலியாக இருக்கிறதே என்று சந்தோஷமாகப் போய் உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் வெந்து, கிழக்கே வந்து சேர்கிறார்கள். கியர்னிக்காரர் நேராகக் கிழக்கே போய் நடுமைதானத்தை விட்டுவிட்டு ஒரு மூலையில் உட்காருகிறார். கையில் பைனாகுலர், மடியில் வீரர் பட்டியல், பாக்கெட்டில் ஸ்டாப்வாட்ச். ஸ்டாப்வாட்ச் எதற்கென்று பிறகு தெரியும்.

ஆட்டத்தையே பார்த்துப் பழகியவருக்குப் பயிற்சி முதலில் வெறும் குழப்பம். நூற்றுக்கு மேற்பட்டோர் பத்துப் பதினைந்து கும்பலாகப் பிரிந்து ஆளுக்கொன்று செய்துகொண்டிருப்பார்கள். பெரிய திரையில் ஓடுவது ஸ்கோர் அல்ல, ஐந்து நிமிடத்திலிருந்து கீழே இறங்கும் கடிகாரம். பூஜ்யம் வந்ததும் ஹாரன் அலறும். அத்தனை பேரும் அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். நடக்கக் கூடாது. நடப்பவன் பெயர் உரக்கக் கூப்பிடப்படும். இப்படி இருபதுக்கு மேற்பட்ட ஐந்து நிமிடத் துண்டுகளாக ஒரு நாள் பயிற்சி நறுக்கப்பட்டிருக்கிறது. எந்தத் துண்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒவ்வொரு உதவிப் பயிற்சியாளரின் இடுப்பிலும் செருகியிருக்கும்.

நாலைந்து ஹாரன் கழிந்தால் கண் பழகிவிடுகிறது. ஒரு பக்கம் லைன்மேன்கள். ஒவ்வொருவரும் 130, 140 கிலோ. இரும்புச் சட்டத்தில் மெத்தை கட்டிய ஸ்லெட்டை, சேற்றில் சிக்கிய பஸ்ஸைத் தள்ளுகிற மாதிரி தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள். மேலே பயிற்சியாளர் ஏறி நின்று கத்திக்கொண்டே இருப்பார், அவர் எடையும் சேர்த்துத்தான். இன்னொரு பக்கம், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகள். இவர்கள் ஜெர்சி மட்டும் வேறு நிறம். அந்த நிறத்தின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஐந்து பேர் கழன்று போனாலும் அணி ஓடும், இவருக்குக் கை முறிந்தால் சீசனே போச்சு. அதனால் பயிற்சியில் குவார்ட்டர்பேக்கைத் தடுப்பவர் பிடித்துவிட்டாரா இல்லையா என்பது விசில்காரரின் ஊகம். கேலரியில் பாதிச் சண்டை இதில்தான்.

“அது பிடிச்ச மாதிரிதாங்க. ஆட்டமா இருந்தா கீழே விழுந்திருப்பான்” என்கிறார் பக்கத்து இருக்கை மூதாட்டி. சிவப்புத் தொப்பி, சிவப்புச் சட்டை, மடியில் சிவப்பு ஐஸ்பெட்டி. அப்பா காலத்திலிருந்து வீட்டில் வரும் சீசன் டிக்கெட் அவருடையது.

“கை பட்டுச்சு, அவ்வளவுதாங்க. இவன் உதறிட்டு ஓடியிருப்பான்” என்கிறார் கியர்னிக்காரர்.

“நீங்க சின்ன வயசு. நம்பிக்கை இருக்கு.”

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

ஆட்டத்தில் எல்லார் கண்ணும் பந்தின் பின்னால் ஓடும். பயிற்சியில் பந்தே இல்லாத மூலைகள் நிறைய. தாக்கும் வரிசைக்காரர் ஒருவர், தடுக்கும் வரிசைக்காரர் ஒருவர், நடுவில் ஒரு பயிற்சியாளர். விசில் ஊதியதும் மூன்று விநாடி மோதல். ஒருவன் பின்வாங்குவான், அடுத்த ஜோடி வரும். பைனாகுலரில் பார்க்க வேண்டியது கைகளை அல்ல, பாதங்களை. முதல் அடியை நேராக வைக்கிறானா, அகட்டி வைக்கிறானா என்பதில்தான் மோதல் முடிவாகிறது. டிவியில் எத்தனை ஆண்டு பார்த்தாலும் இது தெரியாது. கேமரா பந்தோடு போய்விடும்.

இன்னொரு மூலையில் ஒரு பயிற்சியாளர் பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். அதில் வட்டமும் அம்பும் வரைந்த படம். எதிரே பதினொரு பேர் அதைப் பார்த்துவிட்டு, படத்தில் உள்ளபடியே ஓடுகிறார்கள். இவர்கள் ஸ்கௌட் டீம். வரப்போகும் எதிரணிகள் எப்படி ஆடுமோ அப்படி நடித்துக் காட்டி, முதல் வரிசை ஆட்டக்காரர்களிடம் அடி வாங்குவதுதான் இவர்கள் வேலை. சனிக்கிழமை ஆட்டத்தில் இவர்களில் பலர் களத்தில் கால் வைக்கவே மாட்டார்கள். கியர்னிக்காரர் மூலையில் உட்கார்ந்தது இவர்களைப் பார்க்கத்தான்.

இதில் பெரும்பாலோர் வாக்-ஆன்கள். உதவித்தொகை இல்லாமல், சொந்தக் காசில் கல்லூரிக் கட்டணம் கட்டி, அணியில் இடம் கேட்டு வந்தவர்கள். எல்லாக் கல்லூரியிலும் இவர்கள் உண்டு. நெப்ராஸ்காவில் இது ஒரு மதம். 1973இல் ஓர் அணி 105 பேருக்கு மேல் உதவித்தொகை தரக் கூடாது என்று விதி வந்தது. 1978இல் அது 95 ஆனது, தொண்ணூறுகளில் 85. மற்றவர்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது ஆஸ்போர்ன் மாநிலத்தின் சிற்றூர்களைச் சல்லடை போட்டுச் சலித்தார். பண்ணையில் வைக்கோல் கட்டு தூக்கி வளர்ந்த பையன்கள், அப்பா ரேடியோவில் கேட்ட அணியின் ஜெர்சியைப் போட்டால் போதும் என்று வந்தார்கள். மொத்தப் பட்டியல் 150ஐ ஒட்டிய ஆண்டுகள் உண்டு.

இதற்குப் பின்னால் பாசம் மட்டுமில்லை, கணக்கும் இருந்தது. ஆட்கள் அதிகமிருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று, நான்கு இடங்களில் முழு அணிப் பயிற்சி நடத்தலாம். மற்ற கல்லூரிகளில் மூன்றாம் வரிசைக்காரன் இடுப்பில் கை வைத்து நின்று வேடிக்கை பார்த்த நேரத்தில், இங்கே அவன் முதல் வரிசைக்காரன் அளவுக்கே மோதிக்கொண்டிருந்தான். மூன்று ஆண்டு இப்படிப் போனால் சாதாரணப் பையன்கூடத் தேறிவிடுவான். உடம்பைத் தேற்றவும் ஆள் இருந்தார். முதுகு வலியால் போல் வால்ட்டை விட்ட பாய்ட் எப்லி என்ற மாணவரை 1969இல் எடைப் பயிற்சிக்கென்றே டெவனி வேலைக்கு வைத்தார். எடை தூக்கினால் ஆள் மெதுவாகிவிடுவான் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. எவனாவது மெதுவானால் உன் வேலை போய்விடும் என்று டெவனி எச்சரித்ததாகச் சொல்வார்கள். யாரும் மெதுவாகவில்லை. 1978இல் அமெரிக்க எடைப் பயிற்சியாளர்களுக்கான தேசியச் சங்கத்தை எப்லி தொடங்கினார். இன்று எந்தக் கல்லூரியிலும் அந்தப் பதவி இல்லாமல் இல்லை.

அப்படி வந்தவர்களில் ஐ. எம். ஹிப் என்பவர் தெற்கு கரோலினாவிலிருந்து வந்து, 1977இல் இந்தியானா அணிக்கெதிரான ஒரே ஆட்டத்தில் 254 யார்டு ஓடினார். ஜாரெட் டோமிச் அமெரிக்காவின் சிறந்த தடுப்பாளர்களில் ஒருவராக வளர்ந்தார். சில நூறு பேர் மட்டுமே வாழும் பிரெய்னார்ட் என்ற ஊரிலிருந்து மகோவிக்கா வீட்டு அண்ணன் தம்பிகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவர்களில் ஜோயல் தொழில்முறை அணிக்கே போனார். ஊர் முழுக்க ஒரே வீட்டுக்குக் கைதட்டிய காலம்.

இனி ஸ்டாப்வாட்ச். மைதானத்தின் வடக்கு மூலையில் மூன்று பேர் யாரையும் கண்டுகொள்ளாமல் பந்தை வானத்துக்கு உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பன்ட்டர்கள், அதாவது அணி முன்னேற முடியாதபோது பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து அனுப்புபவர்கள். காலை விட்டுப் பந்து கிளம்பியதிலிருந்து கீழே இறங்கும் வரை எத்தனை விநாடி என்பதுதான் கணக்கு. நாலரை விநாடி என்றால் நல்ல உதை. தன் அணி ஓடிப் போய்ச் சேர நேரம் கிடைக்கும். மூன்றரை என்றால் பந்தைப் பிடித்தவன் பறந்துவிடுவான். கியர்னிக்காரர் ஒவ்வொன்றையும் அளந்து பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொள்கிறார். பயிற்சியாளருக்கு இது தேவையில்லை, அவரிடம் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இது இவர் தனக்காகச் செய்வது.

காரணம் சாம் ஃபோல்ட்ஸ். காலையில் இவர் கார் தாண்டி வந்த கிராண்ட் ஐலண்டில் படித்த பையன். வாக்-ஆனாக வந்து, 2015இல் பிக் டென் கான்ஃபரன்ஸின் சிறந்த பன்ட்டர் விருது வாங்கினார். 2016 ஜூலையில் விஸ்கான்சினில் ஓர் உதைப் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கார் விபத்தில் இறந்தார். அந்த செப்டம்பரில் இதே மைதானத்தில் ஃபிரெஸ்னோ ஸ்டேட் அணியோடு முதல் ஆட்டம். நெப்ராஸ்கா முதல்முறை பன்ட் செய்ய வேண்டி வந்தபோது, பதினொரு பேருக்குப் பதில் பத்துப் பேரே களத்தில் இறங்கி நின்றார்கள். பன்ட்டர் நிற்க வேண்டிய இடம் காலி. கடிகாரம் ஓடித் தீர்ந்தது. தாமதத்துக்காக ஐந்து யார்டு தண்டனை. நெப்ராஸ்காவுக்கு அந்தத் தண்டனை வேண்டாம் என்று ஃபிரெஸ்னோ ஸ்டேட் சொல்லிவிட்டது. கேலரியில் இருந்த ஒருவரும் அதை மறக்கவில்லை. ஆட்டத்தின் ஸ்கோர் என்னவென்று கேட்டால் பலர் யோசிப்பார்கள்.

ஹாரன். இம்முறை எல்லாரும் ஓடுவது தண்ணீருக்கு. களத்தின் ஓரம் கூடாரங்கள், விசிறிகள், ஐஸ் நிரப்பிய தொட்டிகள். தொட்டி வெறும் சுகத்துக்கல்ல. ஹீட் ஸ்ட்ரோக் வந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் ஐஸ் நீரில் அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ விதி. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பதும் அதற்குத்தான், எவ்வளவு வியர்த்தது என்பது அதில் தெரிந்துவிடும். இந்த ஒழுங்கெல்லாம் உயிர்களைக் கொடுத்து வாங்கியது. 2001இல் தொழில்முறை வீரர் கோரி ஸ்டிரிங்கர் வெப்பத்தால் இறந்தார். கல்லூரிகளிலும் சாவுகள் நடந்தன. 2003இல், முதல் நாட்களில் ஹெல்மெட் மட்டும், பிறகு தோள் கவசம், அதன் பிறகே முழு உடுப்பு என்று படிப்படியாக உடம்பைப் பழக்கும் விதி கல்லூரிகளுக்கு வந்தது. அதன் பிறகும் 2018இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் மெக்நேர் பயிற்சியில் சுருண்டு விழுந்து, இரண்டு வாரம் கழித்து இறந்தார். பல்கலைக்கழகம் பொறுப்பேற்றுக்கொண்டது. ஒரே நாளில் இரண்டு முறை முழு மோதல் பயிற்சி வைப்பது 2017இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. 2021இல் முழு உடுப்புப் பயிற்சி எத்தனை நாள் என்பதற்கும் வரம்பு வந்தது.

முன்பு இதையெல்லாம் ஆண்மைக் குறைவு என்பார்கள். 1954இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் பேர் பிரையண்ட், அணியை ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குக் கூட்டிப்போய், கொளுத்தும் வெயிலில் தண்ணீர் தராமல் பத்து நாள் பிழிந்தெடுத்தார். இரவோடு இரவாக ஓடியவர்கள் போக மிஞ்சியவர்களை வைத்து அந்த ஆண்டு 10 ஆட்டம் ஆடி 9இல் தோற்றார். இரண்டு ஆண்டு கழித்துக் கான்ஃபரன்ஸ் பட்டம் வாங்கியதால் ஜங்ஷன் கதை வீரகாவியமாகிவிட்டது. ஓடியவர்கள் பக்கத்து நியாயத்தை யாரும் அவ்வளவாக எழுதவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும் தடுப்பு வரிசையைப் பார்த்து மூதாட்டி கேட்கிறார், “கறுப்பு இன்னும் கொடுக்கலை, பாத்தீங்களா?”

கறுப்புச் சட்டையைத்தான் சொல்கிறார். 1964இல் பயிற்சியின்போது முதல் வரிசைத் தடுப்பாளர்களை அடையாளம் காட்ட வேறு நிறச் சட்டை வேண்டியிருந்தது. மைக் கோர்கன் என்ற உதவிப் பயிற்சியாளர் ஊரில் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். மலிவாகக் கிடைத்த கறுப்புச் சட்டைகளை வாங்கி வந்தார். அவ்வளவுதான் தொடக்கம். அறுபது ஆண்டுக்குப் பின் அந்தக் கறுப்புச் சட்டைக்காகப் பையன்கள் உயிரைக் கொடுக்கிறார்கள். ஆட்டத்தில் யாரும் அதைப் போடுவதில்லை, பயிற்சியில் மட்டும்தான். லாக்கரில் அது தொங்குவதைப் பார்த்து அழுத ராட்சத உடம்புக்காரர்கள் உண்டு. ஆகஸ்டிலேயே கொடுத்துவிடும் பயிற்சியாளரும் இருந்தார், இன்னும் தகுதி வரவில்லை என்று சீசன் பாதி தாண்டும் வரை இழுத்தடித்தவரும் இருந்தார். மூதாட்டிக்கு இழுத்தடிப்பவர்களைத்தான் பிடிக்கும்.

இப்படியொரு நாள் கதவு திறப்பதே இப்போது அபூர்வம். பெரும்பாலான பயிற்சியாளர்கள் நாள் முழுக்கப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். எதிரணி உளவு பார்க்கும் என்ற பயம். அது வெறும் பிரமை அல்ல. 2023இல் மிச்சிகன் அணியின் ஊழியர் ஒருவர், எதிரணிகளின் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பிச் சைகைகளைப் படம்பிடிக்க ஏற்பாடு செய்தது வெளியே வந்து பெரிய ரகளையானது. அடுத்த ஆண்டே பயிற்சியாளர் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் பேசலாம் என்று கல்லூரி ஃபுட்பால் அனுமதித்தது. பின்பக்கம் பச்சைப் புள்ளி ஒட்டிய ஹெல்மெட்தான் அது. ஒவ்வொரு நகர்வையும் தொடங்கத் தரும் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தில் 15 விநாடி மிஞ்சும்போது இணைப்பு துண்டிக்கப்படும். பைனாகுலரில் பச்சைப் புள்ளி யார் தலையில் என்று பார்த்தால், யார் முதல் குவார்ட்டர்பேக், யார் தடுப்பின் தலைவர் என்று பயிற்சியாளர் பேட்டியில் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

இன்னொரு பயம் புதிது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அதே ஆண்டிலிருந்து கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. நல்ல பையன் ஒருவனைத் திறந்த மைதானத்தில் காட்டினால், காசுள்ள கல்லூரி வந்து கொத்திக்கொண்டு போகும். நெப்ராஸ்காவின் பயிற்சியாளர் மேட் ரூல் இதை வெளிப்படையாகவே சொன்னார். அதனால் 2025 வசந்தத்தில், வழக்கமாக நடக்கும் திறந்த ஆட்டத்தைக் கைவிட்டு, விளையாட்டுப் போட்டிகள் கலந்த வேறொரு நிகழ்ச்சி வைத்தார்கள். 2008இல் இதே வசந்த ஆட்டத்தைப் பார்க்க 80,149 பேர் வந்திருந்தார்கள். அதுவும் தங்கள் அணி தங்கள் அணியோடு மோதிய ஆட்டம்!

பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் காசு விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது வாக்-ஆன்களின் தலையில் விழுந்தது. 2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு மத்திய நீதிபதி ஒரு பெரிய வழக்குச் சமரசத்தை அங்கீகரித்தார். முன்பு சம்பளமில்லாமல் ஆடியவர்களுக்கு 280 கோடி டாலர் இழப்பீடு. இனி ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம். பல கோடி பார்க்கும் ஆட்டத்தில் ஆடுபவனுக்கு மட்டும் கூலி இல்லை என்ற பழைய அநியாயம் போனது நல்லதுதான், அதில் இந்தக் கட்டுரையாளருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதே சமரசத்தில் ஒரு சிறு விதி. உதவித்தொகை எத்தனை பேருக்கு என்ற வரம்பு போய், அணியில் மொத்தம் எத்தனை பேர் என்ற வரம்பு வந்தது. 105. முன்பு அந்த எண்ணைத் தாண்டி அள்ளிக்கொண்ட ஆஸ்போர்ன் முறைக்கு அங்கே இடமில்லை. ஏற்கெனவே வெளியேற்றப்பட்டவர்களை மட்டும் கணக்கில் சேர்க்காமல் திரும்ப எடுக்கலாம் என்று நீதிபதி விட்டுக்கொடுக்க வைத்தார். அவர்கள் படிப்பு முடிந்து போனதும் அதுவும் தீர்ந்துவிடும்.

எனவே மைதானத்தில் ஸ்கௌட் அட்டையைப் பார்த்து ஓடும் பையன்கள் முன்பைவிடக் குறைவு. கியர்னிக்காரர் பட்டியலை எடுத்துச் சொந்த ஊர்ப் பத்தியில் விரலை ஓட்டுகிறார். டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா. நடுவில் நெப்ராஸ்கா ஊர்கள். பிரெய்னார்ட் இல்லை. கியர்னி பக்கத்து ஊர் ஒன்று இருக்கிறது. அந்தப் பையன் இரண்டாம் வரிசை லைன்மேன்களோடு நிற்கிறானா, மூன்றாம் வரிசையா என்று பைனாகுலரைத் திருப்புகிறார். ஹாரன் அடிக்க, இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் ஓடி இடம் மாறுகின்றன.

கடைசித் துண்டு முழு அணி மோதல். கேலரி இப்போதுதான் கைதட்டுகிறது, நீளமான பாஸ் ஒன்று பிடிக்கப்பட்டதால். பிறகு களத்தில் வரிசை வரிசையாக மேசைகள், கையெழுத்து. குழந்தைகள் குவார்ட்டர்பேக் முன்னால் வளைந்து வளைந்து நிற்கிறார்கள். லைன்மேன்கள் மேசை முன்னால் ஆளே இல்லை. கியர்னிக்காரர் அங்கே போய்த் தன் ஊர்ப் பக்கத்துப் பையனிடம் பட்டியலை நீட்டுகிறார். பையன் பேனாவைத் தேடுகிறான், கொண்டுவரவில்லை. இவர் கொடுக்கிறார்.

மதியம் ஒரு மணிக்கு ரன்சா கடையில் வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மன் குடும்பங்கள் கொண்டுவந்த ரொட்டி அது. உள்ளே மாட்டுக்கறிக் கொத்தும் முட்டைக்கோஸும் வெங்காயமும் வைத்துச் சுட்டது. 1949இல் இந்த ஊரில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. முன்னால் நிற்பது அதே சிவப்புத் தொப்பி மூதாட்டி.

“உங்க ஊருப் பையன் இரண்டாம் வரிசைதாங்க. நான் பாத்தேன்.”

“மூணாவதுங்க. ஹாரன் அடிச்சப்ப மாறினாங்க.”

“மாறினதுக்கப்புறம் திரும்ப வந்தான். நீங்க பன்ட்டரைப் பாத்துட்டு இருந்தீங்க.”

கியர்னிக்காரர் பட்டியலை விரித்து ஓரத்துக் குறிப்புகளைக் காட்டுகிறார். மூதாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாங்கிப் படிக்கிறார். பின்னாலிருந்து யாரோ, இடது பக்க லைன் முழுக்கத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார். வரிசை நகர்கிறது. மூவரும் நகரவில்லை.